ஜெர்மனியில் பரிமாற்ற மாணவராக ஓராண்டு: செலவு, மருத்துவக் காப்பீடு, வேலை விதிகள் ஆகியவற்றில் எதை முதலில் முடிவு செய்வது?

தேன்சிட்டு

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டரிலிருந்து இரண்டு செமஸ்டர்களுக்கு, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பரிமாற்ற மாணவராகப் படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வயது 26. மாதம் 500 யூரோ உதவித்தொகை உறுதியாகியுள்ளது. விசாவுக்கு மாதம் 992 யூரோ, அதாவது ஆண்டுக்கு 11,904 யூரோ கையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதால், எஞ்சிய தொகையைப் பிளாக்டு அக்கவுண்டில் (மாதத்துக்கு ஒரு தவணை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போடுவதற்கு வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பணத்தை முடிந்தவரை தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். ஆகவே மாதம் 40 யூரோவுக்கும் குறைவாகக் கிடைக்கும் தனியார் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொண்டு, சென்ற முதல் மாதத்திலேயே வார இறுதி வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இந்தக் கணக்கு சரிதானா என்பதையும், பரிமாற்ற மாணவருக்கு வேலை செய்யும் உரிமை எந்த அளவுக்கு உண்டு என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி

வாழ்த்துகள், தேன்சிட்டு. நான் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் பன்னாட்டு மாணவர் பிரிவில் பணிபுரிகிறேன். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் இதே கணக்கோடு வருபவர்களைப் பார்க்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் செலவிலிருந்து தொடங்குகிறீர்கள், காப்பீட்டிலிருந்து தொடங்குங்கள். இந்த மூன்றில் பின்னால் மாற்றிக்கொள்ள முடியாத முடிவு அது ஒன்றுதான். வீட்டை மாற்றலாம், வேலையை விடலாம், செலவைக் குறைக்கலாம். ஆனால் பொதுக் காப்பீட்டிலிருந்து (சட்டப்படி மாணவர்கள் சேர வேண்டிய மருத்துவக் காப்பீடு) விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனவர், மாணவராக இருக்கும் காலம் முழுவதும் அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது. விலக்குக் கேட்பதற்கான அவகாசம், காப்பீட்டுக் கடமை தொடங்கியதிலிருந்து மூன்று மாதங்கள் மட்டுமே. ஊர், மொழி, விதிகள் எதுவும் பிடிபடாத அந்த மூன்று மாதங்களில்தான் பலரும் இந்த முடிவை எடுத்துவிடுகிறார்கள்.

30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் தனிச் சலுகைக் கட்டணம் உண்டு. டிகே, ஏஓகே, பார்மர் என எந்த நிறுவனத்தை எடுத்தாலும் அடிப்படை விகிதம் ஒன்றே. ஒவ்வொன்றும் விதிக்கும் கூடுதல் பங்களிப்பில்தான் சிறு வேறுபாடு இருக்கும். முதியோர் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்தால் இப்போது மாதம் ஏறத்தாழ 140 முதல் 155 யூரோ வரை வரும். 23 வயதைக் கடந்து குழந்தை இல்லாதவர்களுக்குப் பராமரிப்புக் காப்பீட்டு விகிதம் சற்று அதிகம் என்பதால், நீங்கள் அந்த வரம்பின் மேல்பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழகத்தில் சேர்க்கைப் பதிவு செய்ய வேண்டுமானால், பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று உங்கள் நிலையை எம்10 என்ற மின்னணு அறிவிப்பாக எங்களுக்கு அனுப்பியாக வேண்டும். தனியார் காப்பீடு எடுத்தவருக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. அவர் விலக்குப் பெற்றுவிட்டார் என்பதையும் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனமே தெரிவிக்க வேண்டும். தனியார் காப்பீட்டுச் சான்றிதழை மட்டும் கொண்டுவந்து காட்டிவிட்டு, பதிவு ஏன் நடக்கவில்லை என்று வருந்தும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன்.

இன்னொன்று: பொதுக் காப்பீடு செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான், பதிவு அதற்குப் பின் நடந்தால் பதிவு நாளிலிருந்துதான் செல்லுபடியாகும். செப்டம்பர் நடுவில் வந்திறங்குபவருக்கு இடைப்பட்ட வாரங்களில் பாதுகாப்பு இராது. அந்த இடைவெளிக்கு மட்டும் பயணக் காப்பீடு எடுங்கள். மலிவான தனியார் காப்பீட்டுக்கு உரிய இடம் அதுதான்.

கல்லணை

நெடுவழி சொல்வதில் ஒரு பகுதியை ஏற்க இயலவில்லை. தேன்சிட்டு பட்டப்படிப்புக்காக வரவில்லை, ஓராண்டில் திரும்பிவிடுவார். மாதம் 100 யூரோவுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 1,200 யூரோவுக்கு மேல் மிச்சமாகும். கடன் வாங்கி வரும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. நாட்பட்ட நோய் எதுவும் இல்லாத 26 வயதுக்காரர், விலக்குத் திரும்பப் பெற முடியாதது என்பதற்காக அஞ்ச வேண்டிய அவசியம் என்ன? திரும்பிப் போகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு சில மாதங்களில் தானாகவே பொருளற்றுப் போகும். நான் ஒரு செமஸ்டர் காலம் தனியார் காப்பீட்டில்தான் இருந்தேன். எனக்கு இடையூறு நேரவில்லை. எல்லோருக்கும் ஒரே மருந்தைப் பரிந்துரைப்பது சரியல்ல என்று கருதுகிறேன்.

நெடுவழி

கல்லணை, உங்கள் கேள்வி நியாயமானது. ஒரே ஒரு செமஸ்டர், உறுதியான திரும்பும் தேதி, நோய் வரலாறு இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் உங்கள் வாதத்தை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் பரிமாற்றத்துக்கு வந்த மாணவர்களில் கணிசமானோர் பின்பு இங்கேயே முதுகலைக்கோ ஆய்வுக்கோ விண்ணப்பிக்கிறார்கள். வரும்போது அந்த எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை.

விலை வித்தியாசம் எதற்கான வித்தியாசம் என்பதையும் பார்க்க வேண்டும். 40 யூரோவுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பயணக் காப்பீட்டின் நீட்சிகள். ஏற்கெனவே இருந்த நோய்களை அவை விலக்கி வைக்கும். பல் சிகிச்சைக்கும் மனநலச் சிகிச்சைக்கும் உச்சவரம்பு வைக்கும், அல்லது அவற்றை அறவே தவிர்க்கும். பல நேரங்களில் மருத்துவரின் கட்டணத்தை நீங்கள் முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவருக்கு, பள்ளிக் காலத்தில் விளையாட்டில் அடிபட்ட முழங்கால் இங்கு வந்தபின் மீண்டும் வீங்கியது. காப்பீட்டு நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டது; அவற்றைப் பார்த்துவிட்டு இது முன்பே இருந்த குறைபாடு என்று கைவிரித்தது. ஸ்கேன் முதல் பிசியோதெரபி வரை அனைத்தையும் அவர் தம் பிளாக்டு அக்கவுண்டிலிருந்தே கட்டினார்.

பொதுக் காப்பீட்டில் உடல்நிலை பற்றிய கேள்வியே எழாது. மருத்துவரிடம் அட்டையைக் காட்டினால் போதும். உங்கள் பங்கு மிகச் சிறியது: மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வொரு மருந்துக்கும் விலையில் 10 விழுக்காடு, குறைந்தது 5 யூரோ, அதிகம் 10 யூரோ, மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாட்கள் வரை மட்டுமே. வயது வந்தோருக்கான மூக்குக் கண்ணாடி மட்டும் பெரும்பாலும் சேராது என்பதால், கூடுதலாக ஒன்றை ஊரிலேயே செய்து எடுத்துவாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காப்பீட்டுக் கட்டணம் நிலுவையில் விழுந்தால், அந்தத் தகவலும் அதே மின்னணு வழியில் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடும். அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவு தடைபடும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி முதல் மாதத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

வெண்மதி

இடையே ஒரு கேள்விக்கு மன்னிக்கவும். நானும் இதேபோல் ஓராண்டுக்கு வருகிறேன். ஆனால் எனக்கு 32 வயது. வேலை ஒன்றைப் பிடித்துவிட்டால் அதன் வழியே பொதுக் காப்பீட்டில் சேர்ந்துவிடலாம் என்று ஒரு தோழி சொன்னார். அது உண்மையா?

நெடுவழி

வெண்மதி, முழுநேர ஊழியருக்கு அது உண்மை. மாணவர் வேலைக்குப் பொருந்தாது. மினிஜாப் எனப்படும் சிறு வேலை மருத்துவக் காப்பீட்டு உரிமையைத் தராது. வெர்க்ஸ்டூடென்ட் எனப்படும் மாணவ ஊழியர் வேலையோ, வாரம் 20 மணி நேரத்துக்குள் இருக்கும்வரை மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. சம்பளத்தில் பிடித்தம் குறைவு என்பது அதன் சலுகை. அதனாலேயே அந்த வேலை உங்களைப் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுசெல்லாது. 20 மணி நேரத்தைத் தொடர்ந்து தாண்டினால் ஊழியராகக் கருதப்படுவீர்கள், ஆனால் அப்போது மாணவர் அனுமதியின் வேலை வரம்பு இடிக்கும்.

எனவே உங்கள் நிலையில் தனியார் காப்பீடே நடைமுறை வழி. விலையைப் பார்ப்பதற்கு முன், முன்பே இருந்த நோய்கள் பற்றிய விதியையும், பேறுகாலச் செலவு கிடைக்கக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும், பாதியில் நீட்டிக்க முடியுமா என்பதையும் படியுங்கள். வதிவிட அனுமதி வழங்கும் வெளிநாட்டவர் அலுவலகம் அந்தக் காப்பீட்டை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் மாணவர் சலுகைக் கட்டணம் கிடையாது. இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

செங்காந்தள்

வேலை விதிகளைப் பற்றி நான் எழுதுகிறேன். முதுகலை படித்துக்கொண்டே மாணவ ஊழியராக வேலை பார்ப்பதால் இந்தக் கணக்கோடு அன்றாடம் வாழ்கிறேன்.

இங்கே இரண்டு வரம்புகள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு சட்டங்களிலிருந்து வருகின்றன, இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களே அதிகம். முதலாவது வதிவிடச் சட்டத்தின் வரம்பு: 2024 மார்ச் 1 முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள், அதற்கு முன் 120, 240 என்று இருந்தது. இரண்டாவது சமூகக் காப்பீட்டின் வரம்பு: விரிவுரைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம். முதலாவதை மீறினால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து. இரண்டாவதை மீறினால் மாணவ ஊழியர் சலுகை போய் முழுப் பிடித்தமும் விழும்.

நாட்களை எண்ணும் முறையும் 2024இல் மாணவர்களுக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. விரிவுரைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை செய்த வேலையை, எத்தனை நாட்களாகப் பிரித்துச் செய்திருந்தாலும், இரண்டரை நாட்கள் என்று கணக்கிடலாம். விடுமுறைக் காலத்தில் முழுநேரம் வேலை செய்த வாரத்துக்கும் அதே இரண்டரை நாட்கள்தான். தனித்தனி நாளாக எண்ணுவது லாபம் என்றால் அந்த வாரத்துக்கு அப்படியும் எண்ணலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆறு மணி நேரம் வேலை செய்பவருக்கு நாள் கணக்கில் இரண்டு முழு நாட்களே ஆகும் என்பதால் அவருக்கு அதுவே நல்லது. ஆண்டின் 52 வாரமும் இரண்டரை நாட்கள் என்று வைத்தாலும் 130 நாட்கள்தான் ஆகின்றன, 140க்குள் அடங்கிவிடும்.

பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளர், நூலக உதவியாளர் போன்ற மாணவப் பணிகளில் இருப்பவர்களுக்கு இந்த 140 நாள் கணக்கே கிடையாது. பாடத்திட்டம் கட்டாயமாக்கிய பயிற்சிப் பணியும் கணக்கில் வராது. ஆனால் நாமாக விரும்பிச் செய்யும் பயிற்சி, சம்பளமே இல்லாவிட்டாலும், நாட்களைக் கழிக்கும். இதை அறியாமல் மூன்று மாதம் இலவசப் பயிற்சிக்குப் போய்விட்டு, பின்னர் வேலைக்கு நாட்கள் போதாமல் தவித்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

வருமானம் எவ்வளவு வரும் என்றால், 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ, மினிஜாப் உச்சவரம்பு மாதம் 603 யூரோ. அதாவது வாரத்துக்குப் பத்து மணி நேரம் உழைத்தால் அந்த 603 கையில் வரும். மினிஜாபில் ஓய்வூதியத்துக்கு 3.6 விழுக்காடு பிடிப்பார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம். மாணவ ஊழியர் வேலையில் ஓய்வூதியப் பங்கு 9.3 விழுக்காடு, அதிலிருந்து விலக முடியாது.

இனி தேன்சிட்டு கேட்ட முதல் மாத வேலை. அதை நம்பித் திட்டமிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிச் சான்று தேவை. பதிவுக்குச் சில வாரங்கள் கழித்தே வரி அடையாள எண் அஞ்சலில் வரும். ஜெர்மன் மொழி குறைவாக இருந்தால் கிடைக்கும் வேலைகளும் குறைவு. நிறுவனங்கள் மாணவ ஊழியரைக் குறைந்தது ஓராண்டுக்காவது எதிர்பார்ப்பதால், பரிமாற்ற மாணவரைத் தேர்ந்தெடுக்கத் தயங்குகின்றன. முதல் வருமானம் ஜனவரியில் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். முன்பே வந்தால் நல்லது.

தேன்சிட்டு

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. காப்பீட்டைப் பொறுத்தவரை பொதுக் காப்பீட்டையே எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். முதுகலைக்கு இங்கேயே விண்ணப்பிக்கும் எண்ணம் எனக்கும் உள்ளுக்குள் உண்டு. கல்லணை அவர்கள் எழுதியதைப் படித்தபோதுதான், நான் திரும்பியே தீருவேன் என்று என்னால் சொல்ல முடியாதது புரிந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஊரில் இருக்கும் பள்ளி மாணவர்களுக்கு இணையம் வழியாக மாலையில் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். அதை அங்கிருந்து தொடரலாமா? மேலும், 992 யூரோவில் 150 காப்பீட்டுக்குப் போனால், மீதி உண்மையிலேயே போதுமா?

ஆழிமுத்து

தம்பி, முதல் ஐயத்துக்கு முதலில் பதில். மாணவர் அனுமதி தருவது ஊழியராக வேலை செய்யும் உரிமை. தனிப்பயிற்சி எடுத்துக் கட்டணம் வாங்குவது சுயதொழில். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். கற்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதைவிட, நீங்கள் எங்கிருந்து வேலை செய்கிறீர்கள் என்பதே இங்கு முக்கியம். ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் உணவு விநியோகத்துக்கு ஆள் சேர்ப்பவர்களிடமும் இதே காரணத்துக்காக எச்சரிக்கையாக இருங்கள்; வேலை ஒப்பந்தத்தில் ஊழியர் என்று இருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்திடுங்கள். பயிற்சியைத் தொடர விரும்பினால் அலுவலகத்துக்கு எழுதி அனுமதி கேளுங்கள். பதில் வரும்வரை நிறுத்திவையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, எந்த நகரம் என்பதே பாதி விடை. மியூனிக்கில் பகிர்வு வீட்டின் ஓர் அறைக்கே 700 யூரோவுக்கு மேல் கேட்பது வழக்கமாகிவிட்டது. அங்கே 992 போதாது. கிழக்குப் பகுதியின் கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற நகரங்களில் அதே பணத்தில் நெருக்கடி இல்லாமல் வாழலாம். மாணவர் சேவை அமைப்பின் விடுதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்குச் சில இடங்களை ஒதுக்கிவைக்கும் ஊர்கள் உண்டு. வாடகை விளம்பரத்தில் வெப்பமூட்டும் செலவு சேர்ந்த வாடகையா, வெறும் வாடகையா என்பதைப் பாருங்கள்.

கல்விக் கட்டணம் உங்களுக்கு இராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கினாலும், பரிமாற்ற ஒப்பந்தத்தில் வருவோருக்கு விலக்கு உண்டு. செமஸ்டர் பங்களிப்பை மட்டும் எல்லோரும் கட்ட வேண்டும். பல இடங்களில் போக்குவரத்து அட்டையும் அதில் அடங்கிவிடுவதால் அதை வீண்செலவாக எண்ண வேண்டாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. முகவரிப் பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்பது காரணமாகாது. ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. பகிர்வு வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிவிட்டு, உங்கள் பங்கை அவரிடம் கொடுங்கள். கடிதத்துக்குப் பதிலே எழுதாமல் இருந்தால் நிலுவை சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாவற்றையும்விட முதல் மாதமே கடினமானது. பிளாக்டு அக்கவுண்ட் மாதத்துக்கு ஒரு தவணைதான் தரும். அதையும் பெற இங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். வாடகை முன்வைப்புத் தொகையோ வெறும் வாடகையின் மூன்று மடங்கு வரை இருக்கலாம். சட்டப்படி அதை மூன்று மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு, கேட்கத் தயங்காதீர்கள். பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே 1,500 யூரோவாவது தனியாகக் கொண்டுவாருங்கள்.

கல்லணை

முதுகலை எண்ணம் உண்டென்றால் தேன்சிட்டு எடுத்த முடிவே சரி. நானும் அதையே சொல்லியிருப்பேன். ஒரு செமஸ்டர் மட்டும் வருவோருக்கு என் கருத்தில் மாற்றமில்லை. வரி பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். 2026இல் ஆண்டுக்கு 12,348 யூரோ வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. மாணவ ஊழியர் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்திருந்தாலும், ஆண்டு மொத்தம் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் வரிக்கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அக்டோபரில் வருபவரின் சம்பாத்தியம் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பிரிந்து விழுவதால் அவருக்கு இது பெரும்பாலும் சாதகமாகவே அமையும். தாமாக முன்வந்து தாக்கல் செய்வதற்கு நான்கு ஆண்டுகள் அவகாசம் உண்டு. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

செங்காந்தள்

திரும்பிப் போவதாக முடிவானால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். முகவரி நீக்கத்தை வீடு காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்துதான் செய்ய முடியும். அந்தச் சான்றின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வானொலிக் கட்டண அமைப்புக்கும் நீங்களே அனுப்ப வேண்டும். முகவரியை நீக்கியதாலேயே அவை தாமாக நின்றுவிடுவதில்லை. மின்சாரம், வெப்பமூட்டும் செலவுகளின் இறுதிக் கணக்கு முடிந்த பின்பே முன்வைப்புத் தொகை சில மாதங்கள் கழித்துத் திரும்ப வரலாம், திரும்பக் கிடைக்கும் வரித் தொகையும் அப்படியே. எனவே வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.

தேன்சிட்டு

குறித்துக்கொண்டேன். நாளை காலை விடுதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எம்10 குறித்து எழுதுகிறேன். விமானம் செப்டம்பர் 18 என்பதால் அன்று முதல் அக்டோபர் நடு வரை பயணக் காப்பீடு எடுக்கிறேன்; பதிவு தாமதமானால் நீட்டிக்க முடியுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.